சீட்டாடும் மேசையில் நற்கடைப்பிடி தகுமோ?



மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி நல்லதா என்று வினவினால், நம்முள் எவரும் தயங்காது நல்லது என்போம். சூது நல்லதா என்று வினவினால், அதே விரைவில் தீயது என்போம். இவ்விரண்டும் ஒரே மேசையில் ஒரே மனிதனுள் கூடியிருக்குமாயின் யாது சொல்வோம்? நல்லது தீயதைத் தூய்மையாக்குமா, தீயது நல்லதைக் கறைப்படுத்துமா? இவ்வினாவை ஆராயவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இது வீண் வாதமன்று. போக்கர் என்னும் சீட்டாட்டப் போட்டிகளில் ஈடுபடுவோர் பலர் இந்நாளில் மூச்சைக் கவனித்தல், உடலை மெல்லத் தளர்த்துதல், எளிய யோக அசைவுகள், அமைதியாக நடத்தல் முதலியவற்றைப் பழகுகின்றனர். அமெரிக்காவில் ஜாரெட் டெண்ட்லர் என்பார் போக்கர் ஆடுவோரின் மனநிலையைப் பற்றி மட்டுமே 2011ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். டாமி ஏஞ்செலோ என்னும் போக்கர் ஆசான் தம் மாணவர்க்குத் தியானத்தையே கற்பித்தார். பகவன் புத்தர் அருளிய எண்வழிப் பாதையின் பெயரையே ஒரு பாடத் தொடருக்குச் சூட்டவும் செய்தார். நம் வகுப்புக்கு வரும் இளைஞர் ஒருவரும், “ஐயா, இங்கே கற்ற ஆனாபான சதியை அங்கே கொண்டு போனால் குற்றமா?” என்று எம்மைக் கேட்டார். கேட்டவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. ஆதலின் விடையும் பொறுப்போடு இருத்தல் வேண்டும்.

முதலில் அவ்வாட்டம் எத்தகையது என்பதை அறிவோம். அறியாத ஒன்றைப் பழிப்பது நற்காட்சி ஆகாது. போக்கர் 52 சீட்டுகளால் ஆடப்படுவது. மிகப் பரவலான ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்னும் வகையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். எல்லோர்க்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் மேசைமேல் படிப்படியாகத் திறக்கப்படும். நான்கு கட்டங்களில் பந்தயம் கட்டலாம். இதில் திறமைக்கு இடமே இல்லை என்பது உண்மைக்கு மாறானது. கணக்கறிவும், எதிரில் இருப்பவரின் போக்கை உணரும் கூர்மையும், விலக வேண்டிய நேரத்தில் விலகும் அடக்கமும் உடையவர் நெடுநாளில் மேம்படுவர். ஆயினும் ஒருநாளில் எவரும் தோற்கலாம். இரண்டு ஏஸ் சீட்டுகள் கையில் வருவது சராசரியாக 221 முறைக்கு ஒருமுறையே. அவ்வாறு வந்தும், எதிரியிடம் இரண்டு ராஜாக்கள் இருந்து இருவரும் முழுப் பணத்தையும் வைத்துவிட்டால், 100க்கு ஏறத்தாழ 18 முறை ஏஸ் உடையவரே தோற்பார். பிழையொன்றும் செய்யாமலே தோற்பார்.

அங்கேதான் மனம் கலங்குகிறது. ‘நான் சரியாகத்தானே ஆடினேன்’ என்ற சினம் எழுகிறது. இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்ற வெறி எழுகிறது. அடுத்த கையில் அறிவு விடைபெறுகிறது. இந்நிலையை அவர்கள் ‘டில்ட்’ என்பர். சாய்தல் என்பது அதன் பொருள். பின்பால் என்னும் விளையாட்டுப் பொறியைச் சினந்து குலுக்கினால் அப்பொறி ‘டில்ட்’ என்று காட்டி நின்றுவிடும். அதிலிருந்து வந்த சொல் இது. பெரும் போட்டிகளில் ஒருநாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் நாற்காலியில் இருக்க வேண்டும். அவ்வாறு பல நாள்கள் செல்லும். முதுகு கூனுகிறது, தோள் இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. களைத்த உடலில் கலங்கிய மனம் எளிதில் குடியேறும்.

மென்மையான உடல்மனப் பயிற்சிகள் இதற்கு உதவுமா? உதவும் என்பதே நேர்மையான விடை. அச்சமோ சினமோ எழும்போது இதயம் விரைகிறது, தசை இறுகுகிறது, உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது. மூச்சை மெதுவாக்கி, உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டினால், இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பின் செயல் ஓங்கி, நாடி தணிகிறது. தாடையும் தோளும் இறுகியிருப்பதை உணர்ந்தவுடனே அவை பாதி தளர்ந்துவிடுகின்றன. 1979ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்னும் அறிஞர், தீராத நோவுடையோர்க்கென எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். உடலை அங்கம் அங்கமாகக் கவனித்தல், மூச்சைக் கவனித்தல், மென்மையான யோக அசைவு ஆகியன அதன் உறுப்புகள். பௌத்த ஆசான்களிடம் தாம் கற்றதைச் சமயப் பெயரின்றி மருத்துவமனைக்குள் அவர் கொண்டு சென்றார். அங்கிருந்து பள்ளி, அலுவலகம், விளையாட்டுத் திடல் என்று பரவி, இறுதியில் அது சீட்டு மேசையையும் அடைந்தது.

இனி வினாவுக்கு வருவோம். இதற்கு இருவகை எளிய விடைகள் சொல்லப்படுகின்றன.

ஒரு சாரார், “மனப்பயிற்சி கத்தியைப் போன்றது, காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும், கத்திமேல் குற்றமில்லை” என்பர். மற்றொரு சாரார், “சீட்டைத் தொட்டவன் தியானத்தைத் தொடலாகாது, அவனை வாயிலிலேயே நிறுத்துக” என்பர். முதல் விடை தம்மத்தை வெறும் கருவியாக்குகிறது. இரண்டாவது விடை மருந்தை நோயாளிக்கு மறுக்கிறது. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

கூர்ந்த கவனம் தன்னளவில் அறமாகுமா? கொக்கும் ஒற்றைக்காலில் அசையாது நிற்கிறது. அதன் ஒருமைப்பாட்டில் குறையில்லை. மீனுக்கு அதனால் நன்மையுமில்லை. பாளி நூல்கள் சம்மா சதி என்னும் நற்கடைப்பிடியைச் சொல்லும்போதே மிச்சா சதி என்னும் தவறான கடைப்பிடியையும், சம்மா சமாதியோடு மிச்சா சமாதியையும் சேர்த்தே சொல்லுகின்றன. எல்லாக் கவனமும் நல்லதாயின் ‘நல்’ என்னும் அடைமொழிக்குத் தேவை என்ன? எண்வழிப் பாதையில் நற்காட்சி முதலில் வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. எதை நோக்கிச் செல்கிறோம் என்று அறியாதவன் விரைந்து நடந்தாலும் ஊர் சேரான்.

எம் தொழிலிலிருந்து ஒரு சான்று கூறுவோம். யாம் பல ஆண்டுகள் நூற்பாலையில் நின்று உழைத்தோம். ரிங் பிரேமின் முன் நிற்பவன் நூற்றுக்கணக்கான கதிர்களை ஒரே பார்வையில் கொள்ள வேண்டும். எங்கே இழை அறுந்தது என்பதைக் கண் காணுமுன் உடல் உணரும். கை சென்று ஒட்டும். அது கவனத்தின் உயர்ந்த நிலைகளுள் ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒருகால் ஓர் ஆலையில் ஒருவர் பார்க்க வேண்டிய பிரேம்களின் எண்ணிக்கையை உயர்த்தினார்கள். அதையொட்டியே தொழிலாளர்க்கு மூச்சுப் பயிற்சி வகுப்பும் வைத்தார்கள். பயிற்சி நன்றாகவே இருந்தது. மூச்சு நீண்டது, கூலிதான் நீளவில்லை. “ஏன் இந்தப் பளு?” என்ற கேள்வி எழ வேண்டிய இடத்தில் அமைதி வந்து அமர்ந்துகொண்டது. அன்று யாம் கற்றது இது: அமைதியை ஒருவர் நமக்குத் தரும்போது, அவ்வமைதி எந்தக் கேள்வியை உறங்கவைக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

அவ்வளவுகோலைச் சீட்டு மேசைக்குக் கொண்டு வருவோம்.

சதிபட்டான சுத்தத்தில் கடைப்பிடியின் நிலைகள் நான்கு: உடல், நுகர்ச்சி, மனம், தம்மங்கள். மேசையில் இருப்பவர் உடலைக் கவனிக்கிறார், தோள் தளர்கிறது. நுகர்ச்சியைக் கவனிக்கிறார், ‘இது கசப்பு, இது இனிப்பு’ என்று அறிகிறார். மனத்தைக் கவனிக்கிறார், ‘இப்போது சினம் வந்தது’ என்று உணர்கிறார். இதுவரை நன்று. நான்காம் நிலையிலோ காரணத்தைக் காண வேண்டும். இச்சினம் எதனால் வந்தது? வெல்ல வேண்டும் என்ற வேட்கையால். அவ்வேட்கை எதனைப் பற்றி நிற்கிறது? பிறர் கையில் உள்ள பொருளை. அதை இழக்கும்போது எதிரில் இருப்பவர் படும் நோவு என் நோவினின்று வேறானதா? இக்கேள்விகள் எழுந்துவிட்டால் ஆட்டம் தொடராது. ஆட்டம் தொடர வேண்டுமாயின் இக்கேள்விகளைத் தடுத்தாக வேண்டும். ஆதலின் அங்கே நிகழ்வது நற்கருவியைத் தீய இடத்தில் பயன்படுத்துதல் மட்டுமன்று. கருவியைப் பாதியில் முறித்து, முறிந்த துண்டைப் பயன்படுத்துதல். கத்தி உவமை பொருந்தாமை இதனால் விளங்கும்.

இச்சுத்தம் குருநாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் அருளப்பட்டது என்பது மரபு. குரு குலத்தார் சூதாட்டத்தில் நாட்டையும் மனைவியையும் இழந்த கதையைப் பாரதம் சொல்லுகிறது. பகடை உருண்ட நாடென்று கதை பேசும் அதே மண்ணில்தான் கடைப்பிடியின் போதனையும் பிறந்தது. இதில் நாம் கொள்ளத்தக்க பொருள் ஒன்று உண்டு: சூதின் நாட்டுக்கு மருந்தாக வந்ததைச் சூதுக்கு ஊட்டமாக்குவது முறையன்று.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். “எல்லாப் போட்டியிலும் ஒருவர் வெல்ல ஒருவர் தோற்கிறார். சதுரங்கத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தலாம், பந்தாட்டத்தில் ஒருமுகப்படுத்தலாம், வேலைக்கான தேர்வில் ஒருமுகப்படுத்தலாம். சீட்டில் மட்டும் கூடாதா?” இத்தடை வலியது, தட்டிக் கழிக்கத்தக்கதன்று. எமது விடை இது. சதுரங்கத்தில் தோற்றவன் தான் கொண்டுவந்த பொருளோடே வீடு திரும்புகிறான். எதிரி தெளிவாக ஆடியதால் தன் ஆட்டமும் உயர்ந்தது என்று மகிழவும் கூடும். போக்கரிலோ எதிரியின் கலக்கமே நமக்கு வருவாய். அவர் எவ்வளவு நிலைகுலைகிறாரோ அவ்வளவு நமக்கு ஆதாயம். நாம் கடைப்பிடியோடு இருந்து, பிறர் கடைப்பிடி இழக்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இதற்கு ஓர் உரைகல் உண்டு. தம்மத்தின் நன்மை பகிரப் பகிர வளரும். ஒரு விளக்கில் மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறையாது. மேசையில் உள்ள ஒன்பது பேரும் ஒரே அளவு அமைதியும் திறமையும் பெற்றுவிட்டதாகக் கொள்வோம். அப்போது எவருக்கும் மேன்மையில்லை. நெடுநாளில் போட்டி நடத்துவோர் எடுத்துக்கொள்ளும் பங்கால் ஒன்பது பேரும் சிறிது சிறிதாக இழப்பர். எனவே அங்கே அமைதிக்கு விலை கிடைப்பது அது பிறரிடம் இல்லாதவரை மட்டுமே. அருகில் இருப்பவர்க்கும் இது கிடைக்கட்டும் என்று வாழ்த்த முடியாத அமைதியில் மைத்திரி எவ்வாறு நிற்கும்? மைத்திரி நிற்காத இடத்தில் நற்கடைப்பிடி எவ்வாறு நிற்கும்?

கணக்கையும் பார்ப்போம். லாஸ் வேகாஸ் நகரில் ‘வேர்ல்டு சீரீஸ் ஆப் போக்கர்’ என்னும் போட்டி 1970ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. அதன் தலைமைப் போட்டிக்கு நுழைவுத் தொகை 10,000 டாலர். 2023ஆம் ஆண்டில் 10,043 பேர் சேர்ந்தனர். முதற்பரிசு பெற்றவர்க்கு 1 கோடியே 21 இலட்சம் டாலர் கிடைத்தது. பரிசுத் தொகை ஏதேனும் பெற்றவர் ஏறத்தாழ 100க்கு 15 பேர். ஏனைய 85 பேரும் கட்டியதை முழுதும் இழந்தனர். ஒவ்வொருவரும் செலுத்திய 10,000 டாலரில் 9,300 டாலரே பரிசுக்குச் சென்றது. ஆலையில் பஞ்சு உள்ளே சென்றால் நூல் வெளியே வரும். கழிவு போனாலும் துணி மிஞ்சும். இங்கோ பணம் உள்ளே சென்று, அதனினும் குறைந்த பணம் வெளியே வருகிறது. எவருடைய உடம்பையும் போர்த்த ஒரு முழத் துணி அதில் நெய்யப்படவில்லை.

“விரும்பி வந்தவர், இழக்கத் தாங்கும் செல்வர், அவர்தாமே வைத்த பணத்தை எடுத்தல் கொடாததை எடுத்தலாகுமா?” என்பர். ததாகதர் விலக்கிய ஐந்து வாணிபங்கள் படைக்கலம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு என்பன. சூது அப்பட்டியலில் இல்லை என்பதையும் மறைக்க வேண்டா. செல்வர் இருவர் மனமொத்து ஆடுவதைக் களவு என்று யாம் கூறமாட்டோம். எனினும் அந்த மேசை செல்வரோடு நின்றதா? 2003ஆம் ஆண்டில் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று, தலைமைப் போட்டியில் 25 இலட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு சேர்ந்தோர் 839 பேர்; 2006இல் 8,773 பேர். ‘அவரால் முடிந்தது, நம்மாலும் முடியும்’ என்ற எண்ணம் உலகெங்கும் பரவி, கைப்பேசி வழியே கூலித் தொழிலாளியின் குடிசைக்கும் வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் அழிந்ததும், கடன்பட்டோர் உயிர் மாய்த்துக்கொண்டதும் நாம் அறிந்தவை. தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்து சட்டம் கொணர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் இந்தியப் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அது திறமை ஆட்டமா, நற்பேற்று ஆட்டமா என்ற வேறுபாட்டையும் அச்சட்டம் பார்க்கவில்லை. அறநெறியிலும் அவ்வேறுபாடு கடைசி விடையன்று. திறமையால் பறித்தாலும் பறிபோனவன் அடுப்பு எரிவதில்லை.

சிகாலோவாத சுத்தத்தில் சூதின் கேடுகள் ஆறு சொல்லப்படுகின்றன. வென்றவன் பகை தேடுதல், தோற்றவன் இழந்த பொருளுக்கு அழுதல், கைப்பொருள் அழிதல், அவையில் சொல் மதிப்பிழத்தல், நண்பர் இகழ்தல், பெண் கொடுக்க எவரும் முன்வாராமை என்பன அவை. இவற்றுள் முதலில் நிற்பது தோற்றவன் கேடன்று, வென்றவன் கேடு என்பதைக் கவனிப்பீர்களாக. திருக்குறளிலும் சூதுக்கென ஓர் அதிகாரம் அமைந்திருப்பது நமக்குத் தெரிந்ததே. இழப்பவனை மட்டும் எண்ணி இரங்கும் நமக்கு, வெல்பவனும் இரங்கத்தக்கவன் என்று அறநூல்கள் நினைவூட்டுகின்றன. அமைதியாக வெல்பவனும் வெல்பவனே.

அப்படியாயின் எம்மைக் கேட்ட அவ்விளைஞர்க்கு யாம் சொன்னது யாது? வகுப்புக்கு வர வேண்டா என்று சொல்லவில்லை. “தம்பி, நாள்தோறும் வாருங்கள். ஆனால் பயிற்சியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மூச்சைக் கவனித்தபின், ஆட ஏன் விரும்புகிறேன் என்பதையும் அதே பொறுமையோடு கவனியுங்கள். எதிரில் இருப்பவர் முகத்தை அவர் சீட்டை அறிவதற்காகப் பார்த்தது போலவே, அவர் வீட்டை அறிவதற்காகவும் ஒருமுறை பாருங்கள். அதன்பின்னும் ஆடத் தோன்றினால் மீண்டும் வந்து பேசுவோம்” என்றோம். தடுப்பதைவிடக் காணச் செய்தலே தம்மத்தின் வழி என்பது எம் துணிபு.

இப்பயிற்சிகளுக்குச் சூதின் எல்லையில் தக்க இடம் ஒன்று உண்டு. அது மேசைக்கு முன்னால் அன்று; மேசையை விட்டு எழும் இடத்தில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஆலன் மார்லாட், அடிமைப் பழக்கத்தினின்று மீள்வோர்க்கு ஒரு முறையைக் கற்பித்தார். வேட்கை கடலலையைப் போல் எழும், உச்சிக்குச் செல்லும், தானே தணியும். அதனோடு போராடாமலும் அதற்கு இணங்காமலும், மூச்சைப் பற்றிக்கொண்டு அவ்வலைமேல் மிதந்து கடக்க வேண்டும் என்பதே அம்முறை. கை கைப்பேசியைத் தேடும் கணத்தில் எவரும் இதைச் செய்யலாம். அமருங்கள். கால் தரையில் படுவதை உணருங்கள். வேட்கை உடலில் எங்கே நிற்கிறது, நெஞ்சிலா வயிற்றிலா விரல்நுனியிலா என்று பாருங்கள். வெளிமூச்சை நீட்டுங்கள். அலை தணியும்வரை எழ வேண்டா. இதனோடு, சம்பளப் பணம் வந்த அன்றே வீட்டாரிடம் ஒப்படைத்தலும், நிலையை ஒருவரிடமேனும் மறைக்காது சொல்லுதலும் சேர்தல் வேண்டும். மூச்சு மட்டும் கடனை அடைக்காது.

எனவே எம் முடிபு இது. சீட்டாடுவோன் தியானம் பழகலாமா என்றால், பழகலாம்; பழகவே வேண்டும். சீட்டில் வெல்வதற்காகத் தியானம் பழகலாமா என்றால், அது பழக்கமேயன்றித் தியானமாகாது. இவ்வுரைகல் சீட்டுக்கு மட்டும் உரியதன்று. வாணிபத்திலும், தொழிற்சங்கத்திலும், வீட்டுச் சண்டையிலும் நாம் கொள்ளும் அமைதி எத்தகையது என்று இதே முறையில் உரைத்துப் பார்க்கலாம். என் அமைதி எதிரில் இருப்பவர்க்கும் வாய்க்க வேண்டும் என்று மனமார விரும்ப முடிகிறதா? முடிந்தால் அது நற்கடைப்பிடி. முடியாவிட்டால், எவ்வளவு அசையாது அமர்ந்திருந்தாலும், நாம் நீரோரத்தில் நிற்கும் கொக்கே ஆவோம்.

சிந்தித்துத் தெளிவீர்களாக. எல்லா உயிர்களும் நலமுறுக.